மெயினை அணைத்த பிறகும்

ஒயரிங்கக்கா என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷத் தொழில். "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லி நாலு நாள் இழுத்தடிக்கிறவர்கள் நிறைந்த வேலையில், சொன்ன நேரத்துக்கு ஏணியோடு வாசலில் நிற்பவள் அவள் ஒருத்திதான். வேலை முடிந்ததும் துளை போட்ட இடத்துத் தூளைக்கூடத் துணியால் துடைத்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதனால் அவளுக்கு வேலைக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. வந்த பஞ்சம் தைரியத்துக்குத்தான். அது வந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

ஒரு துணிக்கடை மாடியில் பழைய விளக்குகளைக் கழற்றிக்கொண்டிருந்தாள். கீழே வந்த யாரோ ஒருவர், என்ன இப்படி இருட்டாக இருக்கிறதே என்று சுவிட்சைத் தட்டிவிட்டார். ஒரு நொடிதான். ஏணியிலிருந்து துணி மூட்டைகள் மேல் வந்து விழுந்ததால் எலும்பு பிழைத்தது. கட்டைவிரலில் மட்டும் பட்டாணி அளவுக்கு ஒரு கருப்புக் கொப்புளம். வீட்டில் இஸ்திரிப் பெட்டி சுட்டுவிட்டது என்று சொல்லிவிட்டாள். புருஷன் பஸ் டிரைவர். மருந்து எடுத்துக் கொடுத்தான், வேறொன்றும் கேட்கவில்லை.

கொப்புளம் பத்து நாளில் ஆறிப்போனது. கை ஆறவில்லை. பழைய ஒயர் எதையாவது தொடப் போனால் விரல்கள் பாதி வழியில் நின்றுவிடும். முழங்கையிலிருந்து ஒரு நடுக்கம் கிளம்பும். கரண்ட் இல்லை என்று கண் பார்க்கும், டெஸ்டர் சொல்லும், கை மட்டும் நம்பாது. அதற்குப் பிறகு அவள் இன்னும் கரண்ட் இணைப்பே வராத புதுக் கட்டடங்களாகப் பார்த்து வேலை எடுத்துக்கொண்டாள். பழைய வீட்டு ரிப்பேர் என்று யாராவது கூப்பிட்டால் இந்த வாரம் ஆகாது என்பாள். யாரிடமும் காரணம் சொல்லவில்லை. எலெக்ட்ரீஷியனுக்குக் கரண்டைக் கண்டால் பயம் என்று சொன்னால் கேட்கிறவன் முதலில் சிரிப்பான். அப்புறம் அடுத்த வேலைக்கு வேறு ஆளைத் தேடுவான்.

இந்த நேரத்தில்தான் அண்ணன் கூப்பிட்டான். அவளுக்கு ஒரே அண்ணன். நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மரவேலைதான் அவனுக்கு உயிர். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு பழைய வீட்டை வாங்கியிருந்தான். அந்த வீட்டில் அவனுக்குப் பிடித்ததே பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்த கார் ஷெட்தான். காரைத் தெருவில் நிறுத்திவிட்டு ஷெட்டில் பலகையும் ரம்பமுமாகக் குடியேறிவிட்டான். அங்கே இருந்தது ஒரே ஒரு குண்டு பல்பு. அந்த வெளிச்சத்தில் கோடு எது, நிழல் எது என்று தெரியாமல் ஒருநாள் விரலை அறுத்துக்கொண்டான். கூரையில் நாலு டியூப்லைட் போட்டுக் கொடு என்று தங்கையைக் கேட்டான். அவள் மூன்று தடவை சாக்குச் சொன்னாள்.

நாலாவது தடவை அண்ணியே போனில் வந்தாள். அண்ணி கோர்ட்டில் டைப்பிஸ்ட். சாட்சிகள் சொல்வதை வார்த்தை விடாமல் அடித்து அடித்துப் பழகியவள். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பது அவளுக்கு மறக்கவே மறக்காது. "போன மாசம் அஞ்சாம் தேதி 'அடுத்த மாசம் பார்க்கலாம்'னு சொன்னே. இப்ப அடுத்த மாசம்" என்றாள். அதற்கு மேல் எந்த வாயால் மறுப்பது?

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு ஒயரிங்கக்கா போய் இறங்கினாள். ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு வந்திருந்த அவளுடைய மர ஏணியை அண்ணன் பின்னாலேயே தூக்கிக்கொண்டு வந்து உள்ளே வைத்தான். வீட்டு மெயினை அவளே போய் அணைத்தாள். பெட்டிக்குச் சின்னப் பூட்டு ஒன்றைப் போட்டுச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். டெஸ்டரை எடுத்துப் பல்பு மாட்டியிருந்த இடம், சுவிட்ச், பிளக் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தாள். எங்கும் எரியவில்லை.

பத்தரை மணி வரைக்கும் வேலை நன்றாகவே ஓடியது. கூரையில் சாக்குக்கட்டியால் கோடு இழுத்தாள், பேட்டரி டிரில்லால் துளை போட்டாள், குழாய்களை ஓட்டி அவற்றுக்குள் புது ஒயரை இழுத்துவிட்டாள். நாலு டியூப்லைட்டும் வரிசையாக மேலே உட்கார்ந்துவிட்டன. அண்ணன் கீழே இருந்து ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே அந்தப் பழக்கம் உண்டு, சாப்பிடும்போதுகூட முனகுவான். அவள் மனசுக்குள், பரவாயில்லை, கை நடுங்காமலே முடித்துவிடலாம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தொட்டதெல்லாம் புது ஒயர் என்பதால்தான் கை சும்மா இருந்தது என்பதும் அவளுக்குத் தெரியாமல் இல்லை.

கடைசியாக மிச்சம் இருந்தது ஒரு இணைப்பு. கூரையின் நடுவில், ஷட்டர் சட்டத்தோடு சேர்த்துப் பொருத்திய இரும்பு உத்தரத்தை ஒட்டி, ஒரு பழைய பெட்டி பதிந்திருந்தது. வீட்டிலிருந்து வரும் ஒயர் அதில்தான் வந்து முடிகிறது. அதைத் திறந்து புது ஒயரை முடுக்கிவிட்டால் வேலை முடிந்தது. மூடியைக் கழற்றினாள். வீட்டிலிருந்து வரும் இரண்டு ஒயர் இருந்தது. பல்புக்கு இறங்கும் இரண்டு ஒயர் இருந்தது. மூலையில், யாரும் பார்க்கக் கூடாது என்று ஒதுங்கி நிற்பது போல, இன்னும் இரண்டு இருந்தன. நூல் சுற்றிய அந்தக் காலத்து ஒயர். முனையில் டேப் சுற்றி, அது உலர்ந்து கருவாடாகக் கிடந்தது. அவை வந்த திசையைப் பார்த்தாள். பக்கத்து வீட்டுச் சுவர்.

டேப்பைக் குத்திக்கொண்டு டெஸ்டரை உள்ளே நுழைத்தாள். எரியவில்லை. இரண்டாவது முனையிலும் வைத்தாள். எரியவில்லை. திரும்ப முதல் முனைக்கு வந்தாள்.

அண்ணன் கீழே பாட்டை நிறுத்தினான். என்ன விஷயம் என்று கேட்டான். இந்த இரண்டு ஒயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும் என்றாள். மெயின் ஆஃப், சாவி உன் பையில், அப்புறம் கரண்ட் என்ன வானத்திலிருந்தா வரும் என்று அவன் சிரித்தான். அவள் நாலாவது தடவையாக டெஸ்டரை வைத்தாள்.

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்றான் அண்ணன்.

விளையாட்டாகத்தான் சொன்னான். அவளுக்கோ யாரோ முதுகில் கையை வைத்துத் தள்ளியது போல இருந்தது. கண்டுபிடித்துவிட்டானா? முழங்கையிலிருந்து அந்த நடுக்கம் கிளம்பியது. விரலிடுக்கிலிருந்து ஸ்க்ரூ நழுவித் தரையில் விழுந்து உருண்டது. அதை அண்ணன் குனிந்து எடுப்பதற்குள் அவள் ஏணியிலிருந்து இறங்கிவிட்டாள். வண்டியில் ஒரு கனெக்டர் இருக்கிறது, எடுத்து வருகிறேன், இரு என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

வண்டியில் அப்படி எதுவும் இல்லை. தெருவில் நிறுத்தியிருந்த ஸ்கூட்டரின் சீட்டைத் திறந்து, அதற்குள் இரண்டு கையையும் விட்டு, எதையோ தேடுகிற மாதிரி நின்றாள். உள்ளே மழைக் கோட்டு ஒன்று கிடந்தது. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நடுக்கம் அடங்கட்டும், அடங்கட்டும் என்று எண்ணிக்கொண்டு நின்றாள். எதிர்வீட்டுக்காரர் ஒருவர் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பக்கத்து வீட்டில் தண்ணீர் மோட்டார் ஓடத் தொடங்கியது. உர்ரென்று ஒரு சத்தம். ஞாயிற்றுக்கிழமையில் யார் வீட்டிலும் கேட்கிற சத்தம்தான். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. காதில் விழுந்தது வேறு. அவள் வெளியே வந்ததும் ஷெட்டில் திரும்பத் தொடங்கியிருந்த முனகல் நின்றிருந்தது.

ஒரு மூச்சு நேரம் காத்துப் பார்த்தாள். முனகல் திரும்ப வரவில்லை.

சீட்டைக்கூட மூடாமல் ஓடினாள்.

அண்ணன் அவளுடைய ஏணியின் மேல்படியில் நின்றுகொண்டிருந்தான். இடது கையால் இரும்பு உத்தரத்தைப் பிடித்திருந்தான். வலது கையில் பிடியின் உறை போன பழைய கட்டிங் பிளேயர். அதன் வாயில் நூல் சுற்றிய ஒயர். தங்கை வருவதற்குள் அந்தச் சனியனைப் பிடுங்கி எறிந்துவிடலாம், அவளுக்கு ஒரு தொல்லை விட்டது என்று ஏறியிருக்கிறான். முகம் கூரையைப் பார்த்திருந்தது. பல் கடித்தபடி இருந்தது. உடம்பு முழுக்க மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது, ஓடுகிற பஸ்ஸின் கண்ணாடி அதிர்கிற மாதிரி. வாயிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

அவள் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. சாவி அங்கேதான் இருந்தது. மெயினை அணைக்க வேண்டும். மெயின் ஏற்கெனவே அணைந்திருக்கிறது! இந்த வீட்டில் அணைப்பதற்கு இனி ஒன்றுமே இல்லை. சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடிக் கதவைத் தட்டித் திறக்கச் சொல்வதற்குள் இவன் இருக்க மாட்டான்.

தொட்டால் அவளும் ஒட்டிக்கொள்வாள். அது அவளுக்கு அறிவில் தெரிந்தது. அதைவிட அதிகமாக உடம்பில் தெரிந்தது. கால் தரையோடு ஆணி அடித்தாற்போல நின்றுவிட்டது. எத்தனை நேரம் அப்படி நின்றாள் என்று பிற்பாடு பலமுறை யோசித்துப் பார்த்தாள். ஐந்து நொடி இருக்கும். அதில் ஒவ்வொன்றும் அவளுக்கு மறக்கவில்லை.

சுவரில் பலகைகள் சாய்ந்து நின்றன. காய்ந்த பலகை. ஆள் உயரம் இருந்த ஒன்றை எடுத்தாள். எடுத்த கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. நடுங்கிய கையாலேயே ஓங்கி, பிளேயர் பிடித்திருந்த அண்ணனின் கையில் ஒரு அடி வைத்தாள். கை விடவில்லை. இன்னொரு அடி. எலும்பு முறிகிற சத்தம் அவளுக்கே கேட்டது. பிளேயர் கழன்று விழுந்தது, பின்னாலேயே அவனும் ஏணியோடு சாய்ந்து மரத்தூள் குவியலின் மேல் விழுந்தான்.

அண்ணி சத்தம் கேட்டு ஓடி வந்து வாசலில் நின்றாள். கையில் பாதி உரித்த வெங்காயம்.

"தொடலாம் அண்ணி. இப்ப தொடலாம். இழுங்க, இந்தப் பக்கம் இழுங்க" என்றாள் இவள். கூரையிலிருந்து அந்த ஒயர் அவர்கள் தலைக்கு மேலே ஒரு முழம் தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. சுவருக்கு அப்பால் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் ஆளுக்கொரு தோளைப் பிடித்து அவனை வாசல் வரைக்கும் இழுத்துப் போட்டார்கள். மூச்சு இல்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிவிட்டு அவள் அண்ணனின் நெஞ்சில் இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமுக்கத் தொடங்கினாள். தொழில் படித்தபோது ரப்பர் பொம்மையின் மேல் ஒரு மத்தியானம் கற்றுக்கொடுத்தது. பொம்மை இவ்வளவு கனமாக இல்லை. அதற்கு அண்ணனைப் போல அப்பாவின் சாயலும் இல்லை.

முப்பது வரை எண்ணினாள். வாயில் ஊதினாள். திரும்ப முப்பது. எண்ணிக்கை தப்பிப் போனது. தப்பினாலும் அமுக்கிக்கொண்டே இருந்தாள். பக்கத்தில் அண்ணி போனில் தெரு பேர், வீட்டு எண், அடையாளம் எல்லாவற்றையும் கோர்ட்டில் வாசிப்பது போலத் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டு, வைத்த பிறகுதான் குலுங்கினாள். அந்த நேரத்தில் அண்ணன் ஒருமுறை விக்கினான். பிறகு இருமினான். பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல, நீளமாக ஒரு மூச்சை இழுத்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், இதயத் துடிப்பு இன்னும் சீராகவில்லை, ஒரு வாரம் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். உள்ளங்கையில் தீக்காயம், முன்கையில் எலும்பு முறிவு. எலும்பு எப்படி முறிந்தது, விழுந்ததாலா என்று கேட்டார். நான்தான் பலகையால் அடித்தேன் என்று அவள் சொன்னாள். நல்லவேளை அடித்தீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நடைபாதையில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். அண்ணி ஒன்றில் உட்கார்ந்தாள். இவள் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். பிறகு அண்ணி குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"வெளியே போகும்போது அவர்கிட்ட என்ன சொல்லிட்டுப் போனே?"

"கனெக்டர் எடுத்துட்டு வர்றேன், இருன்னு சொன்னேன்."

"அந்த ஒயரைத் தொடாதேன்னு சொன்னியா?"

"சொல்லலை."

"கனெக்டர் வண்டியில இருந்துச்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பொய் சொல்லத் தோன்றியது. சொன்னால் அண்ணி நம்பியிருக்கவும் கூடும். ஆனால் உள்ளே அண்ணன் கிடக்கிற கிடையில் அவளுக்கு அது முடியவில்லை.

"இல்லை அண்ணி. கை நடுங்குச்சு. அண்ணன் பார்த்துடக் கூடாதுன்னு போனேன்" என்றாள். அப்புறம் துணிக்கடை மாடியில் நடந்தது, அதற்குப் பிறகான நாலு மாதம், எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். வெட்கம், பயம், சிரிப்பார்களே என்று நினைத்தது எல்லாம் அதில் வந்தது. அண்ணி குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள்.

"முதல் தடவை கூப்பிட்டப்பவே இதைச் சொல்லியிருந்தா நான் வேற ஆளை வெச்சிருப்பேன்" என்றாள் கடைசியில். எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டாள். அதன் பிறகு எட்டு நாள் அவள் ஒயரிங்கக்காவோடு பேசவில்லை. சாப்பாடு கொண்டுவந்தால் வாங்கிக்கொள்வாள். பாத்திரத்தைக் கழுவித் திருப்பித் தருவாள். பேச்சு மட்டும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து புருஷனிடமும் சொன்னாள். அவன் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்து சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. இஸ்திரிப் பெட்டி அப்படிச் சுடாது என்பது எனக்குத் தெரியும் என்றான். தெரிந்தும் ஏன் கேட்கவில்லை என்று இவள் கேட்டாள். நீயாகச் சொல்வாய் என்று காத்திருந்தேன் என்றான். இரண்டு பேருமே காத்திருந்ததில் ஒரு உயிர் போகப் பார்த்தது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்தது.

மறுநாள் அந்த ஒயரை ஒழித்துக் கட்ட வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரர், தனி ஆள். ஒரு காலத்தில் இரண்டு வீடும் ஒருவருக்கே சொந்தமாம். ஷெட்டுக்கு அப்போது தபால்காரர் வீட்டிலிருந்துதான் கரண்ட் போனதாம். வீட்டைப் பிரித்து விற்றபோது முனையில் டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அது மோட்டார் சுவிட்சோடு சேர்ந்தே கிடந்தது. சுவிட்சைப் போட்டால் மோட்டாரும் ஓடும், ஷெட் கூரையில் அந்த ஒயரும் உயிர் பெறும். வழக்கமாக விடியற்காலையில் மோட்டார் போடுகிறவர், அன்று தூங்கிப்போய் பதினொரு மணிக்குப் போட்டிருக்கிறார்.

விஷயம் தெரிந்ததிலிருந்து மனுஷன் வீட்டில் ஒரு சுவிட்சையும் தொடவில்லை. இருட்டிலேயே இருந்திருக்கிறார். அவள் போனபோது கதவைத் திறந்து, அவள் முகத்தைப் பார்க்காமலே, "நான் போட்டேன்மா. என் கையால போட்டேன்" என்றார்.

"உங்களுக்கு எப்படிய்யா தெரியும்" என்றாள் அவள். அதற்கு மேல் ஆறுதல் சொல்ல அவளிடம் எதுவும் மிச்சமில்லை.

ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொண்டு, பையின் மேலே கையையும் வைத்துக்கொண்டார். அவள் டெஸ்டரை வைத்தாள். திரும்ப வைத்தாள். ஒவ்வொரு தடவையும் கை நின்றது, நடுங்கியது, போனது. இதென்ன இத்தனை தடவை என்று அவர் கேட்கவில்லை. இன்னும் ஒருமுறை பார்த்துவிடம்மா என்றுதான் சொன்னார். கால் மணி நேர வேலைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. அந்த இரண்டு ஒயரையும் சுவரிலிருந்து கடைசி அங்குலம் வரைக்கும் உருவி எடுத்து வெளியே போட்டாள்.

எட்டாம் நாள் அண்ணன் வீடு திரும்பினான். கையில் மாவுக்கட்டு. தங்கையைப் பார்த்ததும், சின்ன வயசில் பம்பரத்தைப் பிடுங்கினதுக்கு இப்போதுதான் பழி தீர்த்தாயா என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. தன் பயத்தை அவனிடமும் சொன்னாள். அவன் கட்டுப் போட்ட கையைப் பார்த்தபடி, "நான் அந்தப் பழமொழியைச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான். அண்ணி அப்போதுதான் எட்டு நாளுக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினாள். "சாப்பிட்டுட்டுப் போ."

இன்னும் இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு காலையில் மிச்ச வேலையை முடிக்கப் போனாள். வேறு ஆளைப் பாருங்கள் என்று அவளே சொல்லிப் பார்த்தாள். வேண்டாம், நீயே செய், நான் ஏணியைப் பிடிக்கிறேன் என்று அண்ணி சொல்லிவிட்டாள். மெயின் அணைந்தது. தபால்காரரும் கேட்காமலே தன் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்து ஷெட் வாசலில் நின்றார். ஏணியில் ஏறும்போது அவளுக்குக் கால் முதற்கொண்டு நடுங்கியது. இந்தத் தடவை அவள் அதை மறைக்கவில்லை. நடுங்குது அண்ணி, கொஞ்சம் நிற்கிறேன் என்றாள். நில்லு, யாரும் விரட்டவில்லை என்றாள் அண்ணி. ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஒரு இணைப்புக்கு நாலு தடவை நின்று நின்று, மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

மெயினைப் போட்டுவிட்டு வந்து சுவிட்சைத் தட்டினாள். நாலு டியூப்லைட்டும் ஒன்றாக எரிந்தன. பலகைகளின் ரேகை, தரையில் எண்ணெய்க் கறை, மூலையில் ஒட்டடை, எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. இவ்வளவு குப்பையிலா இந்த மனுஷர் உட்கார்ந்திருந்தார் என்று அண்ணி முகத்தைச் சுளித்தாள்.

வீட்டுப் பக்கமிருந்து அண்ணன் ஷெட் வாசலுக்கு வந்து நின்றான். கட்டுப் போட்ட கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்திருந்தான்.

"எரியுதா?" என்று கேட்டான்.

"எரியுது. உள்ளே வந்து பாருண்ணா."

அவன் நிலைப்படி வரைக்கும் வந்தான். கூரையை, உத்தரத்தை, புதுசாக மூடிய பெட்டியைப் பார்த்தான். ஒரு காலை எடுத்தான், திரும்ப அதே இடத்தில் வைத்துக்கொண்டான்.

"இங்கேருந்தே நல்லாத் தெரியுது" என்றான்.

அவள் வற்புறுத்தவில்லை. உள்ளே கிடந்த ஸ்டூலை எடுத்து நிலைப்படிக்கு வெளியே கொண்டுவந்து போட்டாள். அவன் அதில் உட்கார்ந்துகொண்டான். அவளும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அண்ணி உள்ளே துடைப்பத்தை எடுத்துக் கூட்டத் தொடங்கினாள்.